விரதம் என்று நினைத்தார்கள்

முதலில் கருகியது ஒரு சட்டையின் கழுத்துப்பட்டி. மொரீஷியஸ் தீவின் பீனிக்ஸ் ஊரில் ஏற்றுமதிச் சட்டைகள் தைக்கும் ஆலையில் நான் இஸ்திரி போடுகிறவன். பெட்டியைத் துணிமேல் வைத்தபடியே நின்றிருக்கிறேன். புகை வந்ததுகூடத் தெரியவில்லை.

“டோன்டோன் (எங்கள் கிரியோலில் மாமா), யாரை நெனச்சிக்கிட்டு நிக்கிறீங்க?” என்றாள் பக்கத்து மேசைப் பெண். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் நினைத்துக்கொண்டிருந்தது எங்கள் பாட்டுக் குழுவின் செல்லென் அண்ணாவை. வெள்ளிக்கிழமை எங்கள் கோயிலில் பாடுவார். சனிக்கிழமை கடற்கரை ஹோட்டல்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு எங்கள் தீவின் ஆட்டப் பாட்டான செகா பாடுவார். பதினாறு வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டேன். தொடக்கப் பள்ளியோடு நின்ற என் தமிழ் மறக்காமல் இருந்தது அவர் பாட்டால்தான்.

அவர் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மாரடைப்பு என்றார்கள். தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு இன்னொன்றும் தெரியும். கடைசி வெள்ளியன்று, “பாட்டுக் கேட்டாலே எரிச்சலா வருது, தம்பி” என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அடுத்து தைப்பூசக் காவடிக்கான பத்து நாள் விரதம் வந்தது. எனக்குப் பசி இல்லை, தூக்கம் இல்லை, பேச வாய் எழவில்லை. மௌன விரதம் என்று எடுத்துக்கொண்டார்கள். கோயில் தலைவர் எல்லார் முன்னும் என்னைக் காட்டி, “விரதம்னா இப்படி இருக்கணும்” என்றார். நான் மறுக்கவில்லை. ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

காவடி இறக்கியதும் வாழையிலையில் ஏழு கறிகளோடு விரதம் முடிப்போம். நான் இலையைப் பார்த்தபடியே இருந்தேன். என் மனைவி மர்தே பக்கத்தில் குனிந்தாள்.

“காவடி எறக்கியாச்சு. இனிமே யாருக்காக வாயை மூடிட்டு இருக்கீங்க?”

“அண்ணா போன வழியே போயிடலாம்னு தோணுது.”

அவள் அழவில்லை. கை கழுவிவிட்டு வந்து என் கையைப் பிடித்தாள். அன்று முழுக்க விடவில்லை.

பக்கத்து ஊரான ரோஸ் ஹில்லில் மருத்துவரைப் பார்க்கலாம் என்று அவள் சொன்னதும் மச்சானுக்குப் பிடிக்கவில்லை. “பைத்தியம்னு பேர் வந்துடும், அக்கா.”

“பேர் வரட்டும். ஆள் இருக்கணும்” என்றாள் மர்தே.

மருத்துவர், “சாகணும்னு தோணுதா?” என்று வெளியில் மழையா என்பதுபோல் கேட்டார். ஆமாம் என்றேன். ஒருவர் கேட்டதும் அந்த எண்ணம் கொஞ்சம் கனம் குறைந்தது. எனக்கு மனச்சோர்வு (தூக்கம், பசி, வாழும் விருப்பம் எல்லாவற்றையும் வாரக்கணக்கில் அழுத்தி வைக்கும் நோய்) என்றார். மாத்திரை உடனே வேலை செய்யாது, நிறுத்தக் கூடாது என்றார். மாத்திரையால் முதலில் வாய் உலர்ந்தது, கை நடுங்கியது. ஐந்தாம் வாரம் ஆலை வாசலில் தால் பூரி வாசனை மூக்கில் ஏறியது. இரண்டு வாங்கித் தின்றேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் இப்படி இருந்தால், யாரிடமாவது சொல்லுங்கள். சரியான சொல் கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

அண்ணாவின் நினைவுப் பூசையன்று கோயில் தலைவர் மறுபடி என் விரதத்தைப் புகழத் தொடங்கினார். கூட்டத்தில் வாய் திறந்தறியாதவன் நான். அன்று எழுந்தேன்.

“அது விரதம் இல்லீங்க. நான் நோயா இருந்தேன். மனசுல நோய். மருந்து சாப்பிடுறேன். அண்ணாவுக்கும் அந்த நோய்தான் இருந்திருக்கும். என்கிட்ட சொல்ல வந்தாரு, நான் கேட்கல.”

“இது கோயில்ல பேசுற பேச்சா?” என்றார் தலைவர்.

முன்வரிசையில் இருந்த அண்ணாவின் மனைவி திரும்பிப் பார்த்தார். “பேசட்டும். என் வீட்டுல யாரும் பேசல.”

பூசை முடிந்து செருப்பு மாட்டும்போது, எங்கள் குழுவின் மிருதங்கக்காரர் என் தோளோடு ஒட்டி நின்றார்.

“டாக்டரை எந்தக் கிழமை பார்க்கிற?”

“செவ்வாய்.”

“பஸ் எத்தனை மணிக்கு?”

மணியைச் சொன்னேன்.

என் உடம்பு பழையபடி ஆகவில்லை. காலையில் கால் தரையில் ஊன்ற நேரமாகிறது, அவசரப்படுத்துவதில்லை. முன்பெல்லாம் வெள்ளிக்கு வெள்ளி வாரத்தை எண்ணுவேன். இப்போது என் வாரம் செவ்வாயில் தொடங்குகிறது. நிறுத்தத்தில் நாங்கள் இருவர் நிற்கிறோம். பஸ் தாமதமானால் நல்லதுதான், அதுவரை பேசலாம்.