கிரீஸ் வைத்தும் திரும்பாத வாத்து

இன்று சாயங்காலம் எங்கள் ஏரியில் ஒரு வாத்து நேராகப் போய் ஆகாயத்தாமரையில் முட்டி நின்றுவிட்டது.

(நிஜ வாத்து இல்லை. நான் கிரீஸ் வைத்த வாத்து.)

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆவடி பக்கம் ஓர் ஏரியில் மிதிபடகு விடும் இடத்தில் வேலை செய்கிறேன். எல்லாம் வாத்து வடிவப் படகுகள். படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தேன். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம் என்பதால் அம்மா சரி என்றார்.

லைஃப் ஜாக்கெட் துடைக்க வேண்டும், படகு கழுவ வேண்டும், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றுக்கும் யாரிடமும் பேச வேண்டியதில்லை. அதனால்தான் இந்த வேலை எனக்குப் பிடித்தது.

ஸ்டியரிங் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு சீட்டுக்கு நடுவில் ஒரு கைப்பிடி. அதிலிருந்து ஒரு கம்பி பின்பக்கம் வரை போகும். அங்கே தண்ணீருக்குள் ஒரு தகடு. கைப்பிடியைத் திருப்பினால் தகடு திரும்பும், தகடு திரும்பினால் படகு திரும்பும்.

(என்று நம்பிக்கொண்டிருந்தேன்.)

செவ்வாய்க்கிழமை படகு ஓடாது. அன்று பழைய கிரீஸைப் பனியன் வேஸ்ட் துணியால் வழித்தெடுப்பேன். அதில் ஏரி மண் கலந்து நறநறவென்று இருக்கும். அதை எடுக்காமல் மேலேயே புதுசை வைத்தால், அந்த மண்ணே கம்பியைத் தேய்த்துவிடும். தகட்டில் சுற்றிய வேர்களைப் பிய்த்துப் போட்டு, அசையும் இடமெல்லாம் கிரீஸ் வைத்து, கைப்பிடியை இரண்டு பக்கமும் ஆட்டுவேன். முதலில் முரண்டு பிடிக்கும். பிறகு சட்டென்று இளகி, ஒரு விரலுக்கே வரும். அந்த நிமிடம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஆனால் கொஞ்ச நாளாக ஒரே கம்ப்ளைண்ட். ஸ்டியரிங் வேலை செய்யவில்லையாம். போய்ப் பார்த்தால் நன்றாக இருக்கும். மறுபடி கிரீஸ் வைப்பேன். மறுபடி கம்ப்ளைண்ட்.

போன வாரம் சூப்பர்வைசர் சேகர் அண்ணன் கூப்பிட்டார்.

"இன்னாமா, கிரீஸ் வைக்கிறியா, இல்ல வாத்துக்குப் பொட்டு வைக்கிறியா?"

நன்றாகத்தான் வைக்கிறேன் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. (யாருக்கும் கேட்பதில்லை.)

"இன்னொரு கம்ப்ளைண்ட்டு வந்துச்சு, இந்த வேலைய ரெஸ்க்யூ போட்டு குமாரு கைல குட்த்துட்டு உன்ன கவுண்டர்ல குந்த வச்சிருவேன். மைக்க புடிச்சிகினு, 'மூணாம் நம்பரு, டைம் முட்ஞ்சிச்சி, கரைக்கு வா'ன்னு கூவிக்கினு இரு."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் குரல் ஏரி முழுக்கக் கேட்குமாம்.

இன்று அந்த இன்னொரு கம்ப்ளைண்ட் வந்துவிட்டது.

மூன்றாம் நம்பர் வாத்தை, ரெஸ்க்யூ படகு ஓட்டும் குமார் அண்ணன் கயிறு கட்டி இழுத்து வந்தார். உள்ளே ஒரு கணவன் மனைவி. கோயம்புத்தூர்க்காரர்கள், பூந்தமல்லி பக்கம் ஃபிளாட்டில் இருக்கிறார்களாம்.

"ஸ்டியரிங் சுத்தமா வேலை செய்யலைங்க," என்றார் அவர்.

"கைப்பிடிய ஒடிக்காத குறையா இழுத்தாருங்க. வாத்து அதுபாட்டுக்குப் போகுது," என்றார் அந்த அக்கா.

சேகர் அண்ணன் டிராயரிலிருந்து மைக்கை எடுத்துத் தூசு தட்டி, கவுண்டர் மேல் வைத்தார்.

ஓடிப்போய்க் கைப்பிடியை ஆட்டினேன். ஒரு விரலுக்கே வந்தது. தகடும் திரும்பியது. வேர் எதுவும் இல்லை.

"நல்லாத்தாண்ணா இருக்கு."

"கரையில நல்லாத்தான் கீது. உள்ள போனாதான பல்ல இளிக்குது."

அப்போதுதான் உறைத்தது. நான் எப்போதும் கரையில் கட்டிய படகில்தான் ஆட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட ஏரிக்குள் போனதில்லை.

"அக்கா, என்கூட ஒரு ரவுண்டு வர்றீங்களா?" என்று எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"வரேன் கண்ணு. இவரு இங்கயே இருக்கட்டும்."

(அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.)

இருவரும் மிதித்தோம். கைப்பிடியை இடது பக்கம் திருப்பினேன், திரும்பியது. வலது பக்கமும் திரும்பியது.

"அப்ப வாத்து நல்லாத்தான் இருக்குது. எங்க ஊட்டுக்காரருதான் ரிப்பேரு," என்றார் அக்கா.

அதற்குள் ஆகாயத்தாமரை கிட்டே வந்துவிட்டது. பயத்தில் என் கால் தானாக நின்றது. இரண்டு கையாலும் கைப்பிடியை இழுத்தேன். வாத்து அதுபாட்டுக்கு நேராகப் போனது.

"மிதி கண்ணு, மிதி!"

மிதித்தேன். கைப்பிடி அதே இடத்தில்தான் இருந்தது. வாத்து திரும்பிவிட்டது.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தோம், திரும்பவில்லை. மிதித்தோம், திரும்பியது. மிதித்தால்தான் தண்ணீர் வேகமாகப் போய்த் தகட்டைத் தள்ளுகிறது. இல்லையென்றால் தகடு சும்மா தண்ணீரில் நிற்கிறது. இதற்கு எத்தனை கிரீஸ் வைத்து என்ன?

கரைக்கு வந்ததும் அக்கா, "ஏனுங்க, செடியப் பார்த்ததும் மிதிக்கிறத நிறுத்தீட்டீங்க. அதான்," என்றார்.

"நீ மட்டும்? கால மடிச்சு வெச்சுட்டு செல்ஃபி எடுத்துட்டு இருந்தே."

சேகர் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாடையைச் சொறிந்தார்.

"சரி, ஏர்றவங்க கிட்ட இத யாரு சொல்றது?"

டிக்கெட் கொடுப்பவர் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறார். குமார் அண்ணன் தண்ணீரில் இருக்கிறார். படகு ஏறும் இடத்தில் ஜாக்கெட்டோடு நிற்பது நான்தான்.

அடுத்த வாத்தில் ஒரு குடும்பம் ஏறியது. ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "திருப்பும்போது மிதிக்கிறத நிறுத்தாதீங்க," என்றேன்.

"என்னம்மா?"

மறுபடி சொன்னேன்.

"கேக்கலம்மா."

மூன்றாவது தடவை சொன்னபோது பக்கத்துப் படகுக்காரர்களும் தலையாட்டினார்கள்.

அந்த வாத்து செடிக்கு அருகில் போகும் வரை கண் எடுக்காமல் பார்த்தேன். மிதித்துக்கொண்டே திரும்பியது.

அதற்குப் பிறகு கிளம்பிய ஒவ்வொரு படகுக்கும் சொன்னேன். ஒரு கம்ப்ளைண்ட்கூட இல்லை. மைக் டிராயருக்குள் போய்விட்டது.

சைக்கிளை எடுக்கும்போது சேகர் அண்ணன் குரல் கொடுத்தார்.

"தொண்டைக்கும் கொஞ்சம் கிரீஸ் வச்சிக்கோமா. நாளைக்கும் ஜனம் வரும்."

அதனால் ஒரு சந்தேகம். தொண்டை கட்டினால் வெந்நீர் நல்லதா, பனங்கற்கண்டு நல்லதா? கமெண்டில் சொல்லுங்கள்.

(ஏரியில் என்னைப் பார்த்தால் நேரில் சொல்ல வேண்டாம். மிதிக்கச் சொல்வதோடு என் பேச்சு தீர்ந்துவிடுகிறது.)