டிஃபென்டர் தலை திரும்பும் நேரம்

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மைதானத்துக்குத் திரும்பிய அன்று, கோச் ரமேஷ் சார் என்னை முப்பது மீட்டர் ஓடவிட்டு ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். எத்தனை வினாடி என்று சொல்லவில்லை. வாட்சைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பெங்களூரில் ஒரு பெண்கள் கால்பந்து கிளப்பில் நான் ஸ்ட்ரைக்கர். பிரேசர் டவுனில் பிறந்து வளர்ந்தவள். பதினொரு வருஷமாக எனக்குத் தெரிந்த ஒரே வித்தை வேகம். டிஃபென்டருக்குப் பின்னால் பந்தைத் தள்ளுவார்கள், நான் ஓடிப்போய் எடுப்பேன். இப்போது அந்த வேகம் இல்லை. சீசனில் மிச்சம் இரண்டே மேட்ச். அதன்பின் கான்ட்ராக்டைப் புதுப்பிப்பார்களா என்பது தெரிந்துவிடும்.

முதல் மேட்சில் பழையபடியே ஓடினேன். ஒரு பந்துகூடக் கிடைக்கவில்லை. பாதியிலேயே சார் என்னை வெளியே எடுத்தார்.

"இன்னும் பழைய சரோஜா மாதிரியே ஓடறம்மா. அவ இப்ப இல்ல."

பெஞ்சில் உட்கார்ந்தபோது பந்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. என்னை மடக்கிய டிஃபென்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து எதிர்ப்பக்கம் போகும்போதெல்லாம் அவள் தலையும் அங்கே திரும்பியது. அந்த ஒரு நொடி, தன் பக்கத்தில் நிற்பவள் எங்கே என்று அவளுக்குத் தெரியாது. எனக்குப் பதிலாக இறங்கிய பெண்ணும் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் இத்தனை வருஷம் அப்படித்தான் நின்றிருக்கிறேன்.

அந்த வாரம் காலையில், எங்கள் அணிப் பெண் ஒருத்தியை டிஃபென்டராக நிறுத்திக்கொண்டு, மிட்ஃபீல்டர் நூரோடு தனியாகப் பயிற்சி செய்தேன். டிஃபென்டரின் முதுகுப் பக்கம், என்னையும் பந்தையும் அவள் ஒரே பார்வையில் பார்க்க முடியாத இடத்தில் நிற்பது. அவள் தலை திரும்பியதும் நகர்வது. சிக்கல் நூரிடம் இருந்தது. நான் விலகியதைப் பார்த்த பிறகே பந்தை அடித்தாள். அதற்குள் டிஃபென்டர் வந்துவிடுவாள்.

"நான் ஃப்ரீ ஆகற வரைக்கும் வெயிட் பண்ணாத. அவ தல திரும்பறப்பவே அடிச்சிடு."

"நீங்க அங்க இல்லன்னா சார் என்னத்தான் திட்டுவாரு அக்கா."

"இருப்பேன்."

அவள் என்னை நம்ப மூன்று நாள் ஆயிற்று.

கடைசி மேட்சில் என்னை ஒட்டியே நின்று மார்க் செய்தவள் ஐந்தாம் நம்பர். உயரமான, வேகமான பெண். இருபது நிமிடம் நான் நடந்துகொண்டே இருந்தேன். நான் சோம்பேறியாகிவிட்டதாக வெளியிலிருந்து யாரோ கத்தினார்கள். பிறகு பந்து வலது ஓரத்துக்குப் போனது, ஐந்தாம் நம்பர் திரும்பினாள். அவள் முதுகுக்குப் பின்னால் மூன்றே எட்டு வைத்தேன். அவள் என்னைத் தேடும்போது நூர் அடித்த பந்து என் காலுக்கு வந்துவிட்டது. ஒரே தட்டு, கோல்.

அதன்பின் அவள் பந்தைவிட என்னையே அதிகம் பார்த்தாள். நான் வேண்டுமென்றே நடுமைதானத்தை நோக்கி இறங்கினேன். அவளும் ஒட்டிக்கொண்டே வந்தாள். அவள் விட்டு வந்த காலி இடத்தில் எங்கள் விங்கர் காவ்யா புகுந்து இரண்டாவது கோல் அடித்தாள். அது என் கணக்கில் வராது. ஆனாலும் என் ஆட்ட வாழ்க்கையில் நான் அதிகம் பெருமைப்படுவது அந்தக் கோலுக்குத்தான்.

கிளப் எனக்கு இன்னும் இரண்டு வருஷம் கொடுத்தது.

அன்று மேட்ச் முடிந்ததும் ஐந்தாம் நம்பர் வந்து, முதல் கோலின்போது எந்தப் பக்கமாகப் போனேன் என்று கேட்டாள். அதே இடத்தில் நிற்கவைத்துக் காட்டினேன். நூருக்குக் கோபம். அடுத்த சீசனில் இவளையே எதிர்த்து ஆட வேண்டும், ஏன் சொல்லிக்கொடுத்தீர்கள் என்றாள்.

சொன்னால் என்ன? பந்தைப் பார்க்காத டிஃபென்டர் இன்னும் பிறக்கவில்லை.