சூசையின் சலவை காணாத ஜிப்பா

பேரன் ஒரு சினிமா நடிகரிடம் கையெழுத்து வாங்கி, அதற்குக் கண்ணாடிச் சட்டமும் போட்டுக்கொண்டு வந்தான். ஆசையாகக் கிட்டே போனால், "தொடாதீங்க தாத்தா, மதிப்புப் போயிடும்" என்கிறான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டத்து வார்னிஷ் வாடை வேறு மூக்கில் ஏறியதா, மனசு நேராகப் பழைய ராயபுரத்துக்கே போய்ச் சேர்ந்தது.

அப்போது நான் துறைமுகத்தில் குமாஸ்தா. பேசும் படமெல்லாம் வராத காலம்; நாடகக்காரர்கள்தான் ராஜாக்கள். என்னோடு வேலை பார்த்த சூசைக்கு முற்றிய நாடகப் பைத்தியம். யானைக்கவுனிப் பக்கம் எந்தக் கம்பெனி வந்திறங்கினாலும் போய்க் கையெழுத்து வாங்கிவிடுவான். காகிதத்தில் அல்ல, போட்டிருக்கும் வெள்ளை ஜிப்பாவில். "காயிதம் கடக்காத்துல நமுத்துப்பூடும் நைனா. சொக்கான்னா ஒடம்போடயே கீது" என்பான். முதுகில் ராஜபார்ட், நெஞ்சில் ஒரு பயில்வான், தோளில் ஸ்திரீபார்ட், கைகளில் இன்னும் யார் யாரோ. ஸ்திரீபார்ட் மீசை மழித்த ஆண்பிள்ளைதான். இருந்தாலும் அந்தத் தோளை யாரும் தட்டக்கூடாது.

துவைத்தால் மை போய்விடும். ஆகவே துவைப்பதில்லை. நாடகத்துக்கும் அதுதான், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் அதுதான். மாதா கோயிலில் எவ்வளவு கூட்டமானாலும் அவன் பெஞ்சில் மட்டும் தாராளமாக இடமிருக்கும். நானே காற்றடிக்கும் திசை பார்த்துத்தான் அவனோடு நடப்பேன். அவன் மனைவி ரோசம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் மூட்டை கட்டிக்கொண்டு எண்ணூரில் அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். "அந்தச் சொக்கா தண்ணியப் பாத்தாதான் நானு அந்த வூட்டப் பாப்பேன்!"

சூசை துரும்பாக இளைத்துவிட்டான். அவளில்லாமல் சோறு இறங்கவில்லை. ஜிப்பாவைத் துவைக்கவும் மனசு வரவில்லை. பார்க்கவே பாவமாக இருந்தது. சமாதானம் பேச என்னையும் எண்ணூருக்கு இழுத்துக்கொண்டு போனான்.

மாமனார் மீன்பிடிக்கிறவர். அன்று வாசலில் வலைக்குச் சாயம் காய்ச்சிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து வலை பருத்தி நூல்; உப்புத் தண்ணீரில் அழுகாமலிருக்க, மரப்பட்டையைக் கொதிக்கவைத்த சாயத்தில் முக்கிக் காயப்போடுவார்கள். கரை முழுக்க அந்தத் துவர்ப்பு வாடைதான். வழக்கை முழுசாகக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "வலையே அயுவாம கீது, சொக்கா அயுவிடுமா மாப்ள? இதுல முக்கு. நாத்தமும் பூடும், எய்த்தும் நிக்கும்."

ஆகா என்றோம் எல்லோரும். நாலு எழுத்துப் படித்த நானும் சேர்த்துத்தான். ரோசம்மாவே கொதிக்கக் கொதிக்க முக்கினாள்.

நாற்றம் போனது. ஆனால் ஜிப்பா மொத்தமும் கருஞ்சிவப்பாகி வெளியே வந்தது. ராஜபார்ட்டையும் காணோம், பயில்வானையும் காணோம். சூசை மணலில் உட்கார்ந்து குழந்தைபோல் அழுதான். ரோசம்மாவுக்கும் கண் கலங்கிவிட்டது.

"எங்கயும் பூடலய்யா, உள்ளதான் கீது. எது எங்க கீதுன்னு எனுக்குத் தெரியாதா? எத்தினி நாளு மூக்கப் புட்ச்சிகினு பாத்திருப்பேன்!"

எழுத்து வாசனை இல்லாதவள். வெள்ளை நூல் எடுத்து, கையெழுத்திருந்த இடத்திலெல்லாம் தெரிந்ததைத் தைத்தாள். முதுகில் ராஜபார்ட்டுக்கு ஒரு கத்திரிக்காய். மற்றவர்களுக்கு மீன், நண்டு, இறால் என்று ஆளுக்கொன்று. என்ன கணக்கென்று கேட்டால் சிரிப்பாள்.

அதற்குப் பிறகுதான் மதிப்பு ஏறியது. "இந்த நண்டுக்கு உள்ளதான் கையெய்த்து கீது" என்று சூசை காட்டினால் துறைமுகத்தில் ஆட்கள் பயபக்தியோடு தொட்டுப் பார்ப்பார்கள். கொஞ்ச காலம் கழித்து அந்த ராஜபார்ட்டே மறுபடி வந்தார். சூசை முதுகைத் திருப்பிக் காட்டினான்.

"அடடா, அழிந்துவிட்டதே! அசையாமல் நில், இன்னொன்று போட்டுத் தருகிறேன்" என்று பேனாவைத் திறந்தார்.

சூசை துள்ளி விலகினான். "வேணாம் சாமி! உள்ள கீறதுதான் ஒரிஜினலு. மேல எய்தினா மதிப்பு பூடும்!"

அவர் திறந்த பேனாவோடு கத்திரிக்காயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது எண்ணூரில் சாய அண்டாக்கள் இல்லை. நைலான் வலைக்கு அவை எதற்கு? நாடகக் கொட்டகை இரும்புக் கிடங்காகிவிட்டது. ராஜபார்ட்டின் பெயர் இன்று ஒருவருக்கும் தெரியாது. சூசை போனான், ரோசம்மாவும் போய்விட்டாள். அவர்கள் மகனிடம் ஜிப்பா ஒரு நூல் பிரியாமல் கெட்டியாக இருக்கிறது. போன மாதம் அதை என் முன்னால் விரித்து, கைப்பக்கத்தில் வரிசையாக இருந்த மீனையும் நண்டையும் தொட்டுத் தொட்டு, "இது யாரு பெரியப்பா? இது யாரு?" என்று கேட்டான். எவ்வளவோ யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை.