பொன்னுரங்கம் சுவர் தட்டிப் பார்த்து எடுத்த வீடு

எங்கள் அப்பா பொன்னுரங்கம் முப்பத்து நாலு வருஷம் தாம்பரம் யார்டில் ரயில் சக்கரம் தட்டினார். கேட்கச் சின்ன வேலை மாதிரி இருக்கும். வண்டி வந்து நின்றதும் நீளக் கைப்பிடிச் சுத்தியலோடு பெட்டி பெட்டியாக நடந்து, ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். நல்ல சக்கரம் கணீரென்று பேசும். விரிசல் விட்ட சக்கரம் தொண்டை கட்டினாற்போல் பேசும். அவர் தட்டி அனுப்பிய வண்டி எதுவும் சக்கரக் கோளாறில் வழியில் நின்றதில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட விஷயம் இருக்கும்போது அடக்கி வாசிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு வாய்த்தது ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸ். அந்த ஒரு அறையில் அப்பா, அம்மா அங்காளம்மாள், பாலாம்பாள் அக்கா, துளசிங்கம் அண்ணன், கடைக்குட்டியாக நான், திரிபுரசுந்தரி. அறைக்குக் குறுக்கே ஒரு கயிறு, கயிற்றில் அம்மாவின் பழைய புடவை. எங்கள் வீட்டில் சுவர் என்றால் அதுதான். பத்தாவதில் கணக்கில் தோற்ற அன்று போர்வைக்குள் சத்தமே வராமல் அழுதேன். புடவைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன், “தூங்குடி, அக்டோபர்ல எழுதிக்கலாம்” என்றான். அந்த வீட்டில் தனியாக அழக்கூட முடியாது.

1987இல் அக்காவுக்குக் கல்யாணம் ஆகி, தலைத்தீபாவளி வந்தது. மாப்பிள்ளை சம்பந்தம் மாமா விழுப்புரத்துக்காரர், அங்கேயே பேங்க்கில் கிளார்க். புது மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து தங்கினால்தானே தலைத்தீபாவளி? இருப்பதோ ஒரு அறை. அப்பா அதை அவர்களுக்கு விட்டுவிட்டார். அம்மாவும் நானும் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் லாசரஸ் அண்ணன் வீட்டில் படுத்தோம். அண்ணன் சிநேகிதன் வீட்டுக்குப் போனான். அப்பா, “எனக்கு நைட் டூட்டி மாப்ளே” என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார்.

அதற்கப்புறம் சம்பந்தம் மாமா எங்கள் வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. பொங்கலுக்கு வருவார், காது குத்துக்கு வருவார். காலை வண்டியில் வந்து சாயங்கால வண்டியில் அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று ஊருக்கெல்லாம் வழக்கம். எங்கள் அக்காவுக்கு அது விழுப்புரத்திலேயே ஆயிற்று. குவார்ட்டர்ஸ் லைனில் விசாரித்தவர்களுக்கெல்லாம் அம்மா ஆளுக்கொரு காரணம் சொன்னாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை என்னிடம், “நம்ம வூடு அவருக்குப் பத்தலம்மா” என்றார். அந்த வார்த்தை எனக்கு ஏழு வருஷம் சுட்டுக்கொண்டே இருந்தது. சம்பந்தம் மாமாவை எனக்கு அறவே பிடிக்காமல் போனதும் அதனால்தான்.

1994 ஏப்ரலில் அப்பா ரிட்டையர் ஆனார். அதே மாதம் மாமாவுக்கு ஆபீசர் பதவி கிடைத்து, ஜூனில் நாக்பூர் போகவேண்டும் என்று உத்தரவு வந்தது. இனி அவர்கள் ஊர்ப்பக்கம் வருவது எப்போதோ. அப்பா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது திடீரென்று சொன்னார்.

“கோவளம் பக்கம் ரிசாட்டுன்னு கட்டி வுட்டுகீறாங்களாம். எல்லாரும் போயி மூணு நாளு இருக்கலாம்.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “இன்னாங்க இது? சமுத்திரத்த பாக்க மூணு நாளா? ஒரு மணி நேரம் பத்தாதா?”

“சமுத்திரத்துக்கு யாரு போறா? பாலா நம்மகூட மூணு நாளு தங்கணும். வடக்க போறதுக்குள்ள தங்கணும். அவ்ளோதான்.”

அம்மா கரண்டியை எடுத்து அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

இடம் பார்க்க என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனார். நான் அப்போது காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜ் ஆபீசில் டைப்பிஸ்ட். ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. தாம்பரத்தில் பஸ் ஏறி, கேளம்பாக்கத்தில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு வெயிலில் நின்று, கோவளம் போய், அங்கிருந்து கடலோர ரோட்டில் நடை. மூன்று ஞாயிறு இப்படி அலைந்தோம்.

ரிசார்ட்காரர்கள் எல்லோரும் முதலில் காட்டியது கடலைத்தான். அப்பா கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேராக உள்ளே போவார். விரல் முட்டியால் சுவரைத் தட்டுவார். இந்த மூலையில் ஒன்று, அந்த மூலையில் ஒன்று, நடுவில் ஒன்று. காதை வைத்துக் கேட்பார். பிறகு என்னைப் பக்கத்து அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தச் சொல்வார்.

“உள்ள நின்னுகினு என்னிய திட்டு. புருசன் பொஞ்சாதி பேசிக்கிற மாதிரி மெதுவா திட்டு.”

முதல் இடத்தில், “பிடிவாதக்காரர், வெயில்ல இழுத்தடிக்கிறார், ஒரு சோடா வாங்கித் தரல” என்று முணுமுணுத்தேன். கதவைத் திறந்தால், நான் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் திருப்பிச் சொன்னார். “பிளைவுட்டு. இது ஆவாது. வா, சோடா குடிக்கலாம்.”

அவர் தேடியது என்ன என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. கல்யாணமான பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவது வெளியே கேட்காத சுவர். இருபது வருஷம் ஒரு புடவையைச் சுவர் என்று நம்பச் சொல்லி எங்களை வளர்த்தவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு இடத்தில் குடிசை குடிசையாகத் தனித்தனியே கட்டியிருந்தார்கள். சுவர் திவ்வியமாக இருந்தது. ஆனால் ஒரு குடிசைக்கும் அடுத்த குடிசைக்கும் நூறடி தூரம். “பக்கத்து ஊர்ல இருக்கிற மாதிரில்ல கீது? விழுப்புரத்துலயே இருக்கலாமே” என்று அதைத் தள்ளினார். ஒரு இடத்தில் ஏ.சி. இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தாழ்ப்பாள் ஆடியதால் வேண்டாம் என்றார். நாலாவது இடத்தில் எங்கள் செருப்பைப் பார்த்துவிட்டு அறை எதுவும் காலி இல்லை என்றார்கள். நான் சண்டைக்குப் போனேன், அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஐந்தாவதாகப் பார்த்ததுதான் அமைந்தது. ஒரு பெரிய ஹால், அதைச் சுற்றி மூன்று படுக்கையறை, ஒரு சமையற்கட்டு, முன்னால் அகலமான வராண்டா. எல்லாம் செங்கல் சுவர். உள்ளே நின்று வாய்க்கு வந்தபடி உரக்கவே திட்டினேன். வெளியே வந்தால் அப்பா சிரித்த முகமாக நிற்கிறார். “இன்னா திட்டுன? ஒண்ணும் கேக்கல!”

மேனேஜர் சத்தியநாதன் ரொம்ப மரியாதையான மனிதர். “இத்தனை வருஷத்துல யாரும் இப்படிப் பார்த்து ரூம் எடுத்ததில்ல சார். நீங்க இன்ஜினியரா?” என்று கேட்டார்.

“ரயில்வே,” என்றார் அப்பா. அதை அவர் சொன்ன தோரணையைப் பார்க்கவேண்டுமே! ரயில்வே மொத்தமும் அவர் பேரில் எழுதி வைத்தது போல இருந்தது.

மே மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை வேன் வைத்துக்கொண்டு போனோம். அண்ணன், அண்ணி சாவித்ரி, அம்மா, அப்பா, நான். அக்காவும் மாமாவும் ஆறு வயது மகளோடு காலை வண்டியில் தாம்பரம் வந்து சேர்ந்துகொண்டார்கள். அக்கா கையில் ஒரே ஒரு சின்னப் பை. அம்மா அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். மூன்று நாளைக்கு அந்தப் பை போதாது.

போய் இறங்கியதும் அப்பா மாமாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு அறையாகக் காட்டினார். “இது கடலப் பாத்த ரூமு, உங்களுக்கு. தாழ்ப்பாள் பாருங்க, கெட்டி. இது தொளசி ரூமு. இது அவங்க அம்மாவுக்கும் திரிபுராவுக்கும்.”

மாமா எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கேட்டார். “உங்க ரூம் எது மாமா?”

“எனக்கின்னா மாப்ளே? வராண்டால காத்து சும்மா ஜிலுஜிலுன்னு அடிக்குது. பாய போட்டா சொர்க்கம்.”

மாமா முகம் சுருங்கிவிட்டது. மத்தியானம் வஞ்சிர மீன் குழம்பைச் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்று மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு, “நாங்க கிளம்பறோம். சாயங்கால வண்டிய பிடிக்கணும்” என்றார். அக்கா தலை குனிந்தபடி அந்தச் சின்னப் பையை எடுத்தாள். அப்பா கடற்கரைப் பக்கம் நடந்து போய்விட்டார். பின்னாலிருந்து பார்க்க முதுகு கூன் போட்டாற்போல் இருந்தது. முப்பத்து நாலு வருஷ வேலையில் அந்த முதுகை நான் அப்படிப் பார்த்ததில்லை.

எனக்கு வந்ததே கோபம். மாமாவின் முன்னால் போய் நின்றேன்.

“உங்களுக்கு எவ்வளவு பெரிய வீடு இருந்தா மாமா பத்தும்? அந்த மனுஷன் மூணு வாரம் வெயில்ல அலைஞ்சு சுவரு சுவரா தட்டிப் பார்த்து எடுத்த வீடு இது. இதுவும் உங்களுக்குப் பத்தலையா?”

“திரிபுரா!” என்று அம்மா அதட்டினாள். மாமா கையமர்த்தினார்.

“பத்தலன்னு யாரும்மா சொன்னது? தலைத்தீபாவளி அன்னிக்கு விடிகாலைல எண்ணெய் வைக்க எழுப்பினாங்க. உங்கப்பாவக் காணோம். டூட்டி முடிஞ்சிருக்கும், கூட்டிட்டு வரலாம்னு ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பாரத்துல சிமெண்ட் பெஞ்சுல துண்டப் போத்திக்கிட்டுப் படுத்திருந்தார். அன்னிக்கு அவருக்கு டூட்டியே இல்லைன்னு அங்க ஒருத்தர் சொன்னார். நான் அவர எழுப்பாம திரும்பி வந்துட்டேன். நான் வந்து படுக்கறதுக்காக வீட்டுக்காரர் வெளியில படுக்கறார்னா, அந்த வீட்டுல எனக்கு எப்படித் தூக்கம் வரும்? இங்கயும் அப்படித்தான் ஆகும்னு நெனச்சுத்தான் பெரிய பை கொண்டு வரல, அதேதானே ஆச்சு? எங்களுக்கு ரூமு, அவருக்கு வராண்டா.”

நான் இத்தனை வருஷம் மனசுக்குள் அவருக்குக் கொடுத்த பட்டங்களை எல்லாம் நினைத்து வெட்கப்பட்டேன். வெட்கப்பட நேரமில்லை என்பதால் மணலுக்கு ஓடினேன்.

அப்பா கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அவர் என்னையே பார்த்தார்.

“அதுக்கா? ஏழு வருசமா அதுக்கா தங்கல?”

“அதுக்குத்தான்பா.”

“அட, வாய தொறந்து சொல்ல வாணாமா அந்த மனுசன்!” என்று கத்தினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. “நான் வேற என்னென்னமோ நெனச்சிகினு கெடந்தேனே!”

திரும்பி வந்ததும் வராண்டா ஓரத்தில் இருந்த அப்பாவின் ரெக்ஸின் பையை நான் எடுத்து, அம்மாவின் அறையில் வைத்தேன். அப்பா மறித்தார். “அது உன் ரூமும்மா. வயசுப் பொண்ணு, உனுக்கு ஒரு கதவு வாணாமா?”

“எனக்குக் கல்யாணம் ஆவட்டும், அப்ப நாலு ரூம் வீடா எடு. இப்ப ஹால் போதும். அக்கா பொண்ண பக்கத்துல போட்டுக்கறேன்.”

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா வாசலிலேயே, இன்னும் சட்டை கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

“நீங்க ரூம்ல படுத்தா நாங்க இருக்கோம் மாமா. இல்லன்னா வண்டி.”

“படுக்கறேன் மாப்ளே,” என்றார் அப்பா. “கதவச் சாத்திகினே படுக்கறேன். போதுமா?”

மாமா பையிலிருந்து ரயில் டிக்கெட்டை எடுத்து மகளிடம் கொடுத்தார். அவள் அதைச் சுருட்டிப் பீப்பி ஊதினாள். அண்ணி சிரிக்க, அண்ணன் சிரிக்க, அம்மா மட்டும் சமையற்கட்டுக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டே மூக்கைச் சிந்தினாள். அக்காவுக்கு மாற்றுப் புடவை இல்லை. என்னுடையதைக் கொடுத்தேன்.

மறுநாள் காலை எட்டு மணி ஆகியும் அக்கா அறைக்கதவு திறக்கவில்லை. மாமியார் வீட்டில் ஏழு வருஷமாக நாலரைக்கு எழுந்திருக்கிறவள் அவள். அம்மா இரண்டு தடவை காபி டம்ளரோடு கதவுவரை போய், தட்டாமல் திரும்பினாள். மூன்றாவது தடவை போகும்போது நான் தடுத்தேன். மாமா வராண்டாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அப்பா தன் அறையிலிருந்து தலை கலைந்து, கன்னத்தில் தலையணை மடிப்போடு வந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. யாரைப் பற்றி என்று கேட்டால் சொல்லத் தெரியாது, அங்கிருந்த எல்லோரையும் பற்றித்தான்.

அறை பெருக்குகிற அம்மாள் துடைப்பத்தோடு வந்து அக்கா அறைக் கதவைத் தட்டக் கை தூக்கினாள். அப்பா பாய்ந்து போய்த் தடுத்தார்.

“மணி எட்டாவுதே சார். கெஸ்ட்டு இன்னும் எந்திரிக்கலையா?”

“கெஸ்ட்டு இல்லம்மா,” என்றார் அப்பா மெல்லிய குரலில். “என் பொண்ணு. அம்மா வூட்டுக்கு வந்துகீது. தூங்கட்டும்.”