உப்பு போற இடம்

கரைஞ்சது வடிகட்டினா வராது. ஏழாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணி வத்தினவ நான். எல்லாருக்கும் புரியுது. கூடப் பொறந்த தம்பிக்கு மட்டும் மண்டையில ஏறலை.

தம்பி ஐயம்பேட்டையில சாயப்பட்டறை வச்சிருக்கான். ரெண்டு வீடு தள்ளி நாங்க. பட்டு நூலைப் பசை போக அவிக்கிற சோடா, சாயம் பிடிக்கப் போடுற உப்பு எல்லாம் அவன் பின்பக்கக் குழிக்குத்தான் போகும். கிணத்துத் தண்ணி செவக்குதுன்னு தெருவே சண்டைக்கு வந்ததும், மணலும் கரியும் கொட்டி ஒரு தொட்டி கட்டினான். செக்கச்செவேல்னு உள்ளே போன தண்ணி பளிச்சுன்னு வெளியே வந்துது. அதுல வெள்ளைப் பட்டு இழை ஒண்ணை முக்கி, எல்லார் முன்னாடியும் தூக்கிக் காட்டினான். இழையில நிறம் ஏறலை. சாயக்காரங்களுக்கு அதுக்கு மேல சாட்சி எதுக்கு? இழை வெள்ளையா இருந்தா தண்ணி நல்ல தண்ணி. தெரு அடங்கிப் போச்சு.

நிறம்தான்டா போச்சு, உப்பு அப்படியே இருக்குதுன்னு தலைப்பாடா அடிச்சிக்கினேன். உன் பாடத்தை எல்லாம் பள்ளிக்கூடத்தோட வச்சிக்கன்னுட்டான். எங்க கிணத்துத் தண்ணி வாயில வச்சா கரிச்சுது. குடிக்கக் கேன் தண்ணி வாங்கினோம். சோறும் ரசமும் அந்தக் கிணத்துலதான். கிட்னி கெட்டுப்போய், உப்பைக் குறைன்னு டாக்டர் சொன்ன என் வீட்டுக்காரர் உப்பையே தின்னுக்கினு இருந்தார்.

போன வருஷம் தம்பி பொண்ணு என் வகுப்புக்கே வந்தா. ஆவியாக்கல் பாடத்துக்கு எல்லாரையும் வீட்டுத் தண்ணி கொண்டாரச் சொன்னேன். பீங்கான் கிண்ணங்கள்ல ஊத்தி வத்தவிட்டோம். மத்த கிண்ணத்துல எல்லாம் மெல்லிசா ஒரு படலம். அவ கிண்ணத்துல நகத்தால சுரண்டுற அளவுக்கு வெள்ளையாப் பொருக்கு.

"இதையா மிஸ் நாங்க குடிக்கிறோம்?"

அதைச் சுரண்டிக் காகிதத்துல மடிச்சு அப்பன்கிட்ட எடுத்துக்கினு போனா. என்னை நம்பாதவன் பெத்த பொண்ணையாவது நம்புவான்னு சந்தோஷப்பட்டேன். பொய் சொல்லலை, ரொம்பவே சந்தோஷப்பட்டேன்.

நம்பத்தான் செஞ்சான். அடுத்த வாரமே சமையல்கட்டுல ஆர்.ஓ. மெஷின் மாட்டிட்டான். வந்து பாருன்னு கூப்பிட்டான், போனேன். தம்பி பொண்டாட்டி காபி கொடுத்தா. வாயில வச்சா அவ்வளவு ருசி. மெஷின்ல இருந்து ரெண்டு குழாய், ஒண்ணு குடத்துக்கு, இன்னொண்ணு ஜன்னல் வழியா வெளியே. பொண்ணு அதையே பார்த்துக்கினு நின்னா.

"பிரிஞ்ச உப்பெல்லாம் எங்கப்பா போகுது?"

"குழிக்குத்தான். வேற எங்க போவும்?"

அவன் அதைச் சாதாரணமா சொல்லிட்டு டம்ளரை நீட்டி இன்னும் காபி கேட்டான். பொண்ணு என் மூஞ்சியைப் பார்த்தா. நான் பாதிக் காபியோட டம்ளரைக் கீழே வச்சேன்.

மறுநாள்ல இருந்து தினமும் ஒரு குடம் நல்ல தண்ணி கொண்டாந்து எங்க வாசல்ல வைக்கிறா, மாமா கஞ்சிக்குன்னு. தலை நிமிர்த்த மாட்டா. எனக்கும் ரோஷம் இருக்குது, திருப்பி அனுப்பத்தான் கை போகுது. உள்ள படுத்திருக்கிற மனுஷனை நெனச்சு வாங்கி வைக்கிறேன். அந்தக் குடத்துல இருந்து பிரிஞ்ச உப்பும் எங்க கிணத்துலதான் எறங்குதுன்னு இந்தத் தெருவுல எனக்கும் அந்தப் பொண்ணுக்கும்தான் தெரியும்.