இன்னும் கடலில்

சல்லி என்ற அந்தக் கடற்கரை ஊரில் லோஜினியைத் தெரியாதவர்கள் இல்லை. பஸ் தவறினால் சைக்கிளிலேயே பட்டணத்துக்குப் போய்விடுகிற பிள்ளை. பட்டணத்துக் கல்லூரியில் கணினி விஞ்ஞானம், இரண்டு வருடப் படிப்பு. "ரெண்டு வருசத்தில என்னத்தைப் படிச்சுக் கிழிக்கப் போகுது?" என்று கேட்ட வாய்களும் ஊரில் உண்டு. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாம் வருடம் ஆளுக்கொரு செயற்றிட்டம் செய்து காட்டவேண்டும். மற்றப் பிள்ளைகள் கடைக்கும் நூலகத்துக்கும் செய்தார்கள். லோஜினி, ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தின் படகுப் பதிவைக் கணினிக்குக் கொண்டுவந்தாள். எந்தப் படகு எத்தனை மணிக்குக் கடலுக்குப் போனது, எத்தனை மணிக்குக் கரைக்கு வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். இருபது மணித்தியாலம் தாண்டியும் வராத படகின் வரி திரையில் சிவப்பாகும். உடனே தேட ஆள் அனுப்பலாம். நல்ல வேலைதான். ஆனால் அதற்குள் ஒரு பிழையை அவளே வைத்திருந்தாள்.

பழைய பதிவுப் புத்தகங்களையும் ஒரு வரி விடாமல் ஏற்றியிருந்தாள். பதினொரு வருடத்துக்கு முந்திய ஒரு மார்கழிப் பக்கத்தில் அவள் அப்பா இரத்தினசிங்கத்தின் படகு போன நேரம் இருந்தது. வந்த நேரம் இல்லை. படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. அவர் செத்துப்போனார் என்று அந்த வீட்டில் இன்றுவரை ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மா புஷ்பவதி குங்குமப் பொட்டோடுதான் கருவாடு காயப்போடப் போவாள்.

கல்லூரியில் விரிவுரையாளர் குணரத்தினம் அவளுடைய செயற்றிட்டத்தை இயக்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"போனது, வந்தது எண்டு ரெண்டுதான் வைச்சிருக்கிறீங்கள். வராமலே போனால்?"

"வருவினம் சேர்."

வகுப்பில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "யோசியுங்கோ பிள்ளை. கடைசி மதிப்பீட்டுக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு" என்றார்.

அவள் யோசிக்கவில்லை. யோசிக்கப் பயந்தாள் என்பதுதான் உண்மை. மூன்றாவதாக ஒரு நிலை வைத்தால் அதில் முதலில் போய் நிற்பது அப்பாவின் பெயர். அதைப் பெற்ற மகளே தன் கையால் செய்வதா?

ஆகவே சங்கத்துத் திரையின் உச்சியில் எப்போதும் ஒரு சிவப்பு வரி கிடந்தது. இரத்தினசிங்கம், கடலில், தொண்ணூற்றாறாயிரத்துச் சொச்சம் மணித்தியாலம். சங்கச் செயலாளர் இராகுலன் முதல்நாள் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஊர்க்காரன், எந்த வாயால் அழிக்கச் சொல்வான்? பிறகு அது அவன் கண்ணுக்குப் பழகிப்போயிற்று.

வாடைக் காற்று தொடங்கிய வாரம், இயந்திரம் நின்றுபோன ஒரு படகு நீரோட்டத்தில் இழுபட்டுப் போனது. அதில் இரண்டு பேர். காலை எட்டு மணிக்கே அதன் வரி சிவப்பாகிவிட்டது. பின்னேரம் மூன்று மணிக்கு அவர்களில் ஒருவனின் மனைவி தலைவிரி கோலமாக ஓடிவந்த பிறகுதான் இராகுலன் திரையை உற்றுப் பார்த்தான். சிவப்பு ஒன்றல்ல, இரண்டு. மறுநாள் மத்தியானம் இருவரையும் உயிரோடு கரைசேர்த்தார்கள். உதடெல்லாம் வெடித்திருந்தது. ஒருவனுக்குப் பேச்சே வரவில்லை.

"சிவப்பு எப்பவும் கிடக்கிறதுதானே எண்டு விட்டிட்டன் தங்கச்சி" என்றான் இராகுலன். பழியைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டான். அவன் ஏசியிருந்தால் லோஜினிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கமுதல் அழுதுவிட்டாள். புஷ்பவதி கருவாட்டுப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

"வா, சங்கத்துக்குப் போவம்."

அங்கே புஷ்பவதி கதிரையில் இருந்து, எழுத்துக் கூட்டி அந்த வரியை வாசித்தாள். கணவரின் பெயரை ஒருமுறை விரலால் தொட்டாள்.

"இதென்ன இலக்கம்?"

"அப்பா போய் எத்தினை மணித்தியாலம் எண்டு, அம்மா."

"இவ்வளவுதானா? எனக்கு இதைவிடக் கூட."

பெயரிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு, "மற்ற ஆக்களை மறைச்சுக்கொண்டு அவர் ஒருநாளும் நிக்கமாட்டார் பிள்ளை. மாத்து" என்றாள்.

லோஜினி மூன்றாவது நிலையை எழுதினாள்: கரை சேரவில்லை. அப்பாவின் பெயரைத் தன் கையாலேயே அங்கே மாற்றினாள். அன்று எல்லாப் படகும் கரையில் நின்றன. திரையில் ஒரு சிவப்பும் இல்லை.

வெளியே வந்ததும் அவள் அம்மாவின் நெற்றியில் இருந்த பொட்டைப் பார்த்தாள். கேட்கவும் ஏலாமல், கேட்காமல் இருக்கவும் ஏலாமல் தவித்தாள். புஷ்பவதிக்கு விளங்கிவிட்டது.

"இது இருக்கட்டும்" என்றாள். "இதைப் பார்த்து ஒருத்தரும் தேடாமல் விடப்போறேல்லை."