மாவுக்கட்டும் பதினேழு கப்பிக் குஞ்சுகளும்

லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. இருபத்தாறு வருஷம் அடுக்குமாடிகளின் உச்சிக்கும் அடிக்குழிக்குமாக எண்ணெய்க் கையோடு அலைந்தவர். ஒரு நாள் லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது ஏணி சறுக்கி, வலது கால் முறிந்து, தொடைவரை மாவுக்கட்டோடு வீடு வந்து சேர்ந்தார். இரண்டரை மாதம் கட்டிலை விட்டு நகரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. அவள் கிளம்பிப் போனால் சாயங்காலம்வரை வீட்டில் அவரும் சுவர்க்கடிகாரமும்தான். ஒரே வாரத்தில் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழ ஆரம்பித்தார்.

கட்டிலிலிருந்து கையெட்டும் தூரத்தில் ஒரு மீன்தொட்டி இருந்தது. மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. அதை அவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. ஒரு நாள் காலையில் பொழுது போகாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது, வயிறு புடைத்த கப்பி மீன் ஒன்று மூலையில் ஒதுங்கியது. அதன் வயிற்றடியிலிருந்து கடுகு போல ஓர் உருண்டை விழுந்தது. விழுந்த கையோடு விரிந்து, இரண்டு கண்ணும் ஒரு வாலுமாக நீந்திப் போனது. பின்னாலேயே இன்னொன்று. இவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவதைப் பெற்றவளே திரும்பி லபக்கென்று விழுங்கிவிட்டாள்.

அவருக்குக் கை ஓடவில்லை. கால் ஏற்கெனவே ஓடாது. குடிக்க வைத்திருந்த தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு, அந்தத் தம்ளராலேயே குஞ்சுகளை ஒவ்வொன்றாக மொண்டு பழம் வைக்கும் கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டார். மனைவி திரும்பி வந்தபோது படுக்கையெல்லாம் ஈரம். கிண்ணத்தில் முப்பத்தொரு குஞ்சுகள். பிரசவம் பார்த்தேன் என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்து ஊட்டலாம் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தார். பச்சைப்பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடட்டும் என்று மணிக்கொரு தரம் ஊற்றினார். மூன்றாம் நாள் தண்ணீர் மோர் போல ஆகி, ஒன்பது குஞ்சுகள் அடியில் கிடந்தன. மறுநாள் இன்னும் ஐந்து. அவர் சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டார்.

கீழ்வீட்டுப் பஸ்காரம்மாவிடம் கேட்டால் தெரியும் என்றாள் மனைவி. அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதே என்றார் அவர். பஸ்காரம்மா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், வீட்டில் நாலு தொட்டி மீன் வளர்ப்பவள். நாலு வருஷத்துக்கு முன் தன் சமையலறைக் கூரையில் நீர் கசிகிறது, உங்கள் குளியலறைக் குழாயைப் பாருங்கள் என்று வந்து கேட்டாள். குழாயைப் பற்றி எனக்கே பாடமா என்று இவர் கதவைச் சாத்திவிட்டார். அன்றிலிருந்து மாடிப்படியில் எதிர்ப்பட்டாலும் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

மனைவி அவரிடம் சொல்லாமலே கீழே போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டாள். அடுத்த நாள் பத்து மணிக்கு, காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட பிறகு, பஸ்காரம்மா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். அவரைப் பார்க்கவில்லை. நேராகக் கிண்ணத்திடம் போய் முகர்ந்தாள்.

"பசியில சாகலைங்க. நீங்க போட்ட சாப்பாடு அழுகி, அந்தத் தண்ணியிலதான் சாகுது" என்றாள்.

கீழே போய், முந்தின நாளே பிடித்து வைத்த ஒரு வாளித் தண்ணீர், அகலமான தொட்டி, ஒரு கொத்து மிதக்கும் செடி, சொட்டு மருந்து விடும் ஃபில்லர் எல்லாம் கொண்டுவந்தாள். மிஞ்சியவற்றை எண்ணினாள். பதினேழு. பல்குத்தும் குச்சி நுனியில் ஒட்டுகிற அளவுதான் மஞ்சள் கரு, பத்து நிமிஷத்தில் மிச்சத்தை ஃபில்லரால் உறிஞ்சிவிட வேண்டும், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள்.

"அதுங்க கண்ணு எத்தனை பெருசோ, வயிறும் அத்தனைதான். அதை மட்டும் மறந்துடாதீங்க."

இரண்டு நாள் கழித்து ஒரு பாட்டிலில் உப்புத்தண்ணீர் விட்டு, அதில் பொடி போன்ற இறால் முட்டைகளைப் பொரிக்க வைத்துத் தந்தாள். மறுநாள் அதில் ஆரஞ்சுத் தூசியாக உயிர்கள் துள்ளின. அதைத் தின்ற குஞ்சுகளின் வயிறும் ஆரஞ்சாகத் தெரிந்தது. யார் சாப்பிட்டார், யார் சாப்பிடவில்லை என்று அவர் படுத்தபடியே சொல்லிவிடுவார். எட்டு மணி, பதினொன்று, இரண்டு, நாலு, ஆறு என்று நாளுக்கு ஒரு கணக்கு வந்துவிட்டது. எரிந்து விழ நேரமில்லை.

பஸ்காரம்மா தினமும் பத்து மணிக்கு வந்தாள். பஸ்ஸில் அறுபது பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுக் கேட்டுத்தான் வாயே திறக்காத ஜீவனாகப் பார்த்து வளர்க்கிறேன் என்று ஒரு நாள் சொன்னாள். குழாயைப் பற்றி அவள் பேச்செடுக்கவே இல்லை. அவருக்கு அதுதான் முள்ளாகக் குத்தியது. கூட வேலை செய்பவர் ஒருவரை வரவழைத்துக் குளியலறைச் சுவரைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். சுவரில் பதித்த டைல்ஸுக்குப் பின்னால் குழாய் இணைப்பு துருவேறி, கசிந்து, சுவர் ஊறிப்போயிருந்தது. அன்றே புதுக் குழாய் போட்டாகிவிட்டது.

மறுநாள் அவள் வந்ததும் அவரே பேச்சைத் தொடங்கினார். "தப்பு என் மேலதாங்க. நாலு வருஷமா வீம்புக்கு இருந்துட்டேன். அப்படியிருந்தும் நீங்க படியேறி வந்தீங்க."

அவள் ஃபில்லரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மீன் சாகுதுன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க. மீன் என்ன பண்ணுச்சு, பாவம்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் சிரித்துவிட்டாள்.

ஆறாவது வாரம் ஆண்குஞ்சுகளுக்கு வாலில் நிறம் தெரிய ஆரம்பித்தது. பெண்களை வேறு தொட்டிக்கு மாற்றினார்கள். பதினேழில் ஒன்றுகூடக் குறையவில்லை. மாவுக்கட்டைப் பிரித்தபோது கால் குச்சியாக மெலிந்திருந்தது. இன்னொரு மாதம் தடியோடு நடந்து பழகி, ஒரு திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பினார். தெருமுக்கு பஸ் ஸ்டாப்வரை எப்படி நடப்பது என்று யோசித்தபடி படியிறங்கியபோது, வாசலில் பள்ளிக்கூட பஸ் நின்றிருந்தது. இன்னும் ஒரு பிள்ளையும் ஏறவில்லை.

"ஏறுங்கண்ணே, அந்தப் பக்கமாத்தான் போறேன்" என்றாள் பஸ்காரம்மா.

சின்னப் பிள்ளைகளுக்கான இருக்கை. முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தார். வழி நெடுக அவள் மீன்களைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தாள். இறங்கி நின்று அவளைப் பார்த்தார். கையைக் கூப்பினார். அவள் ஹாரனை ஒரு தரம் அடித்துவிட்டு, முதல் பிள்ளையை ஏற்றப் புறப்பட்டாள்.